மாணவர் ஒன்றியத்தின் கோவைகள் யார் கையில்?

ஆசிரியருக்கு,

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர் ஒன்றியம் பத்திரிகையில் வருவது பெரும்பாலும் போராட்டம், கண்டன அறிக்கை, கைது என்ற மூன்று காரணங்களால்தான். ஆனால் விடுதித் தண்ணீர், சிற்றுண்டிச்சாலை விலை, மகாபொல புலமைப்பரிசில் கொடுப்பனவின் தாமதம் என்று ஆண்டு முழுவதும் நிர்வாகத்தோடு பேசுவதும் அதே ஒன்றியம்தான். இரண்டுக்கும் சான்று கூட்டக்குறிப்புப் புத்தகமும் கடிதக் கோவையும் கணக்கும். அவற்றைக் காப்பது பற்றி இப்போதே ஒரு ஒழுங்கு வேண்டும்.

2001 ஜனவரி 17இல் பல்கலைக்கழக வளாகத்தில் பொங்கு தமிழ் எழுச்சி நிகழ்வு நடந்ததைப் பத்திரிகைகள் சொல்கின்றன. 2021 ஜனவரி 8 இரவு அதே வளாகத்திலிருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டதும், மாணவர் உண்ணாவிரதம் இருந்ததும், 11ஆம் திகதி காலை மீண்டும் அடிக்கல் நடப்பட்டதும், ஏப்ரலில் புதிய தூபி திறக்கப்பட்டதும் அப்படியே. ஆனால் எந்தத் தீர்மானத்தை யார் முன்மொழிந்தார், யார் மறுத்துப் பேசினார், நிர்வாகத்துக்குக் கடிதம் எத்தனையாம் திகதி போனது, பதில் எப்போது வந்தது என்பதைச் செய்தித்தாளில் தேடிப் பயனில்லை. அது ஒன்றியத்தின் கோவையில் மட்டுமே இருக்கக்கூடியது.

ஒன்றியத்தின் ஆயுள் ஓராண்டு. செயலாளர் இறுதிப் பரீட்சையோடு வீட்டுக்குப் போய்விடுவார். கோவை அவருடைய அறையிலோ பையிலோ போய்விடும். எவரும் திட்டமிட்டுத் தொலைப்பதில்லை. கேட்டு வாங்குவது எவருடைய கடமையும் இல்லை என்பதுதான் சிக்கல். 1995 ஒக்ரோபர் 30 யாழ்ப்பாண இடப்பெயர்வில் வீட்டோடு விடப்பட்ட காகிதங்கள் என்ன ஆகியிருக்கும் என்பதை எங்கள் ஊரில் எவருக்கும் விளக்கத் தேவையில்லை.

கையளிப்பைக் கட்டாயமாக்க ஒரு வழி ஏற்கெனவே உள்ளது. புதிய நிர்வாகம் வங்கிக் கணக்கில் கையொப்பம் மாற்றப் போகும்போது, தெரிவுக் கூட்டத்தின் குறிப்பைச் சான்றுப்படுத்திக் கொடுக்க வேண்டும். அதே நாளில், பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவர் வகிக்கும் பதவியான பெரும்பொருளாளர் முன்னிலையில், கையளிப்புப் பட்டியலிலும் இரு தரப்பும் ஒப்பமிடட்டும். பட்டியல் ஒப்பமிடப்படாமல் வங்கிக் கடிதம் போகக்கூடாது என்று ஒன்றியத்தின் யாப்பில் (அமைப்பு விதிகளில்) ஒரு வரி சேர்த்தால் போதும். கூட்டக்குறிப்புப் புத்தகம் எத்தனை, பற்றுச்சீட்டுப் புத்தகம் எந்த இலக்கத்திலிருந்து எந்த இலக்கம் வரை, பயன்படுத்தாத காசோலை எத்தனை, முத்திரை, கடிதத் தலைப்புத் தாள், மின்னஞ்சல் கடவுச்சொல் என ஒவ்வொன்றும் எண்ணிக்கையோடு எழுதப்பட வேண்டும். “கோவைகள் சில” என்று எழுதிய பட்டியல் பட்டியலே அல்ல. மூன்று பிரதி: ஒன்று பழையவர்களுக்கு, ஒன்று புதியவர்களுக்கு, ஒன்று பெரும்பொருளாளருக்கு. பீட ஒன்றியங்களுக்கும் இதுவே பொருந்தும்.

காகிதத்தைக் கெடுப்பவை எங்கள் காலநிலையில் ஈரமும் துருவும் பூச்சியும். ஸ்ரேப்ளர் கம்பி துருப்பிடித்துத் தாளைத் தின்றுவிடும். பின்பக்கத்துக் கால்களை மெல்லிய கத்தியால் நிமிர்த்தி எடுங்கள், பிடுங்காதீர்கள். கிழிசலுக்கு செலோரேப் ஒட்டினால் சில ஆண்டுகளில் பசை மஞ்சளாகி எழுத்தோடு சேர்ந்துவிடும். லமினேற் செய்வது அதைவிட மோசம், திரும்ப எடுக்கவே முடியாது. அலுமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்க வேண்டாம், கறையான் சுவர் வழியாகத்தான் ஏறும். அடித்தட்டைக் காலியாக விடுங்கள். கடைகளில் தரும் வெப்ப அச்சு ரசீதுகள் ஓரிரு ஆண்டில் வெறுந்தாளாகிவிடுவதால், கணக்கில் சேர்க்கும் அன்றே நிழற்பிரதி எடுத்துச் சேர்த்துக் கட்ட வேண்டும். இந்த வெறுந்தாள்களால் கணக்காய்வில் மாட்டிக்கொள்ள நேரும்.

றோணியோ என்ற பழைய பிரதியெடுக்கும் இயந்திரத்தில் அடித்த பழைய துண்டுப்பிரசுரங்கள் தொட்டாலே நொறுங்கும். அவற்றை மடிப்பு நீக்கி, ஒன்றுக்கொன்று இடையே வெள்ளைத்தாள் வைத்து, தட்டையாகப் படுக்க வைத்து, முதலில் அவற்றையே வருடி (ஸ்கேன் செய்து) எடுக்க வேண்டும். எழுத்துக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்குப் புள்ளிகள்), புகைப்படத்துக்கு 600. மூலப்படத்தை ரிஃப் (TIFF) வடிவிலும், பார்ப்பதற்கு பிடிஎஃப் வடிவிலும் வையுங்கள். கோப்பின் பெயர் ஆண்டு, மாதம், நாள் என்று தொடங்கினால் தானாகவே வரிசைப்படும். இந்தக் கோப்புகளுக்கு மூன்று பிரதி எடுத்து, அவற்றில் ஒன்றாவது வேறு ஊரில் இருக்கட்டும்.

இன்றைய ஆபத்து வேறு. தீர்மானமே வாட்ஸ்அப் குழுவில் நடந்து முடிகிறது. தொலைபேசி மாறினால் அதுவும் போயிற்று. மாத முடிவில் உரையாடலை ஏற்றுமதி செய்து சேமிப்பதோடு, முடிவு எதுவானாலும் அடுத்த கூட்டத்தில் வாசித்துக் குறிப்புப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். முகநூல் பக்கத்துக்கு இரண்டு நிர்வாகிகளாவது இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் பொதுவில் போடச் சொல்லவில்லை. பகிடிவதை முறைப்பாடுகள், காணாமற்போன அல்லது தடுத்து வைக்கப்பட்ட மாணவர் பற்றிய கடிதங்கள், மருத்துவ உதவி விண்ணப்பங்கள் ஆகியவை தனி உறையில், திறக்கும் ஆண்டு குறிக்கப்பட்டு மூடப்பட வேண்டும். பல்கலைக்கழகத்தில் நடந்த 2019 மே மாதத் தேடுதலில் ஒன்றியத் தலைவரும் செயலாளரும் கைதான பின், காகிதம் வைத்திருக்கவே அஞ்சுகிறவர்களை நாங்கள் குறை சொல்ல மாட்டோம். அஞ்சி எரிப்பதைவிட, பொறுப்பான ஓரிடத்தில் நிபந்தனையோடு ஒப்படைப்பது நல்லது. பல்கலைக்கழக நூலகம் இருக்கிறது. 2005 முதல் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிமப்படுத்திவரும் நூலகம் நிறுவனமும் இருக்கிறது.

ஒன்றியத்தில் முன்னர் பதவி வகித்தவர்கள் ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கக்கூடும். உங்களிடம் ஒரு துண்டுப்பிரசுரம் இருந்தாலும் யன்னலோரப் பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் போடாமல், நான்கு ஓரமும் தெரியப் படம் எடுங்கள். வெறுமையான பின்பக்கத்தையும் எடுங்கள். யாரிடமிருந்து எந்த ஆண்டு கிடைத்தது என்பதைத் தனித்தாளில் எழுதி வையுங்கள், மூலத்தின் மேல் பேனாவால் எழுத வேண்டாம்.

ஆவணக் காப்பில் ஈடுபட்டுள்ள சிலர்,
திருநெல்வேலி, யாழ்ப்பாணம்.