பேத்தியின் வகுத்தல் கணக்கு

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடி நடக்க ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் நிம்மதி. நானும் நலம். கண்ணாடி மாற்றியதில் எழுத்து கொஞ்சம் பெரிதாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

பேத்தி 618-ஐ 3-ஆல் வகுத்து 26 என்று எழுதுகிறாள், வகுத்தலே வரவில்லை என்று வருத்தப்பட்டிருந்தாயே. எனக்கென்னவோ அவள் நன்றாகவே போடுகிறாள் என்றுதான் படுகிறது. மூவிரண்டு ஆறு, 1-இல் 3 போகாது, 8-ஐ இறக்கு, மூவாறு பதினெட்டு. வாய்ப்பாடு பிசகவே இல்லை. ‘போகாது’ என்று நாம் சொல்லிக்கொடுப்பதால், அந்த இடத்தில் எதுவும் எழுதாமல் தாண்டிவிடுகிறாள்.

இடமதிப்போடு சொல்லச் சொல். 6 நூறுகளை மூன்று பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 2 நூறு. இருப்பது 1 பத்து, மூவருக்கு முழுசாகத் தர முடியாது. அதனால் பத்துகள் இடத்தில் 0. அந்தப் பத்தை ஒன்றுகளாக மாற்றி 8-உடன் சேர்த்தால் 18 ஒன்றுகள், ஆளுக்கு 6. ஈவு 206. போடும் முன்பே “ஆளுக்கு 200-க்குக் குறையாது” என்று சொல்லிப் பழகிவிட்டால், 26-ஐப் பார்த்ததும் அவளுக்கே சந்தேகம் வரும்.

இந்த ‘இறக்கு’ என்ற சொல் மட்டும் எனக்குப் பிடிப்பதே இல்லை. எதை, எதற்காக இறக்குகிறோம்? 72-ஐ 3-ஆல் வகுக்க, ஏழு பத்துக் குச்சிக் கட்டுகளும் இரண்டு உதிரிக் குச்சிகளும் கொடுத்துப் பார். ஆளுக்கு இரண்டு கட்டு போக ஒரு கட்டு மிஞ்சும். அதன் ரப்பர் பேண்டை அவளே அவிழ்க்கட்டும். உதிரி 12, ஆளுக்கு 4. கூட்டல், கழித்தலை ஒன்றுகளிலிருந்து தொடங்கிவிட்டு வகுத்தலை மட்டும் ஏன் இடப்பக்கமிருந்து தொடங்குகிறோம் என்பதும் அவிழ்க்கும்போதே தெரிந்துவிடும்.

அப்புறம், எண்ணை எப்போதும் 90 + 6 என்றே பிரிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. 96-ஐ 4-ஆல் வகுக்க 80 + 16 என்று பிரித்தால் 20, 4. மனக்கணக்காகவே 24 வந்துவிடும். பள்ளியில் சொன்ன முறையை இதற்காகக் கைவிட வேண்டாம், இரண்டும் ஓடட்டும்.

அடுத்து 432-ஐ 4-ஆல் வகுக்கக் கொடு. 108 வந்தால் எழுது. 18 வந்தாலும் திட்டாமல் எனக்கு எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்