மூன்றாம் பிரிவை மூன்றாந்தரம் என்று எழுதலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் நெஸ்காக் (அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள பதினொரு கல்லூரிகளின் விளையாட்டு லீக்) கல்லூரிகளின் பெண்கள் கூடைப்பந்து அணிகளைப் பற்றிய பருவ முன்னோட்டத்தை இரண்டு முறை படித்தேன். ‘அமெரிக்காவின் மூன்றாந்தரக் கல்லூரிப் போட்டிகளில்’ என்று முதல் பத்தியிலேயே ஒரு வரி. அந்த வரி மனதைக் குத்திவிட்டது. தமிழில் பத்திரிகை நடத்தும் உங்களுக்குப் பிரிவுக்கும் தரத்துக்கும் உள்ள வேறுபாட்டை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு கல்லூரி எந்த விதிகளின்படி ஆடுகிறது என்பதைப் பிரிவு சொல்கிறது. ‘மூன்றாந்தரம்’ என்பது நம் ஊரில் வசைச்சொல்.

மூன்றாம் பிரிவு 1973-ல் ஏற்பட்டது. இன்று 400-க்கும் மேற்பட்ட கல்லூரிகளோடு, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் மூன்று பிரிவுகளில் இதுவே பெரியது. விளையாட்டுக்காக ஒரு டாலர்கூட உதவித்தொகை கிடையாது. அதனால் ஆட்டம் பொழுதுபோக்காகத்தான் இருக்கும் என்று உங்கள் கட்டுரையாளர் முடிவு செய்துவிட்டார். அப்படியானால் 17 பருவங்கள் நெஸ்காக்கின் டஃப்ட்ஸ் அணிக்குப் பயிற்சியாளராக இருந்த கார்லா பெரூபேயை 2019-ல் பிரின்ஸ்டன் ஏன் அழைத்துக்கொண்டது? அதே லீக்கின் போடன் (Bowdoin) கல்லூரிப் பயிற்சியாளர் ஏட்ரியன் ஷிபிள்ஸை 2021-ல் டார்ட்மத் ஏன் அழைத்தது? அவருக்கு முன் போடனில் இருந்த ஸ்டெஃபனி பெம்பர் 2008-ல் கடற்படை அகாதமி அணிக்குப் போனார். மூவரும் போய்ச் சேர்ந்தது முதல் பிரிவில். பெரூபே 1995-ல் தோல்வியே காணாத கனெக்டிகட் பல்கலைக்கழக அணியில் ஆடியவர். இவர்கள் கையில் வளர்ந்த ஆட்டத்தை மூன்றாந்தரம் என்று அச்சடிக்க எப்படி மனம் வந்தது?

2016 முதல் 2019 வரை நான்கு ஆண்டுகளும் தேசிய இறுதியில் நெஸ்காக் அணி ஒன்றாவது நின்றது. 2017-ல் ஆம்ஹர்ஸ்டும் டஃப்ட்ஸும், 2018-ல் ஆம்ஹர்ஸ்டும் போடனும் மோதின. இரண்டு முறையும் இறுதிக்கு வந்த இரு அணிகளும் இந்தப் பதினொரு கல்லூரிகளுக்குள்ளிருந்தே வந்தவை. அந்த இரு பருவங்களிலும் ஆம்ஹர்ஸ்ட் 33 ஆட்டம் ஆடி 33-ம் வென்றது. கட்டுரையில் இதற்குக் கிடைத்தது ஒரே வரி. அந்த வரியிலும் 2017 இறுதியின் 52-29 என்ற கணக்கைக் காட்டிச் ‘சலிப்பூட்டும் ஆட்டம்’ என்று எழுதியிருக்கிறார்.

அந்த 29-ஐச் சற்று நின்று பாருங்கள். இந்த லீக்கின் நல்ல அணி ஒன்று தடுத்தாடும்போது நடப்பது இது. பந்து விங்குக்கு, அதாவது மைதானத்தின் பக்கவாட்டுக்கு, வந்தவுடன், ரிங்குக்கு அருகே நிற்பவரின் முன்னால் தடுப்பவர் பாதி உடலை நுழைத்துவிடுவார். மேலே தூக்கிப் போடலாமென்றால், எதிர்ப்பக்கத்தில் நிற்பவர் தன் ஆளை விட்டு இரண்டடி உள்ளே வந்து அந்த வழியில் நிற்பார். பந்தைத் திருப்பி அனுப்ப வேண்டிய பாஸின் குறுக்கே இன்னொரு கை நீட்டியிருக்கும். 30 நொடிக் கடிகாரத்தில் 20 நொடி பந்து வெளியிலேயே சுற்றும். எஞ்சிய நொடிகளில் ஒருவர் கை மறைத்த நிலையில் எறிவார். அது தவறினால் ஐவரும் திரும்பி ஆளை முதுகால் தள்ளி இடம் பிடித்தாக வேண்டும். ஒருவர் மறந்தாலும் பந்து மறுபடி எதிரணி கைக்கே போய்விடும். இதை 40 நிமிடம் பிசகாமல் செய்தால்தான் எதிரணி 29-ல் நிற்கும். அதுவும் அதே பருவத்தில் முன்பே மோதி, ஒருவர் ஆட்டம் ஒருவருக்குப் பாடமாகிப்போன அணிகளுக்கிடையில்! ஸ்கோர் மேசையில் உட்கார்ந்து ஏடு எழுதுபவன் என்ற முறையில் சொல்கிறேன்: அப்படிப்பட்ட ஆட்டத்தில் பேனாவுக்கு வேலை குறைவு, கண்ணுக்கு ஓய்வே இல்லை.

இது முதல் முறையாக இருந்திருந்தால் பொறுத்துக்கொண்டு போயிருப்பேன். முன்பு ஒரு இதழில் போடனைப் ‘பவ்டோயின்’ என்று எழுதினீர்கள். எழுதிக் கேட்டேன், திருத்தம் வரவில்லை. இந்த முறையும் பவ்டோயின்தான். கனெக்டிகட் கல்லூரியைப் பற்றிய பத்திக்குக் கனெக்டிகட் பல்கலைக்கழக வீராங்கனைகளின் படத்தைப் போட்டிருக்கிறீர்கள். ஒன்று நியூ லண்டனில், மற்றொன்று ஸ்டோர்ஸில் இருக்கிறது. ஒன்று மூன்றாம் பிரிவு, மற்றொன்று முதல் பிரிவு. நியூ லண்டனில் ஆடும் பெண்களுக்கு இந்தக் குழப்பம் புதிதல்ல. அதை நம் பத்திரிகையும் செய்ய வேண்டுமா? ஆண்கள் அணிகளுக்கு இரண்டு முழுப் பக்கமும், பெண்கள் அணிகளுக்கு விளம்பரத்துக்குக் கீழே முக்கால் பக்கமும் ஒதுக்கியதையும் கவனித்தேன். கல்லூரியில் படிக்கும் பெண்களைக் கட்டுரை நெடுகச் ‘சிறுமிகள்’ என்று எழுதியிருப்பது வருத்தத்தைக் கூட்டுகிறது.

முன்னோட்டம் என்ற அளவிலும் கட்டுரை வாசகருக்கு உதவவில்லை. சென்ற ஆண்டு அதிகப் புள்ளி எடுத்தவர்களில் யார் பட்டம் பெற்றுப் போனார்கள் என்று பார்த்து, அதை வைத்தே அணிகளை மேலும் கீழும் அடுக்கியிருக்கிறார். ஓர் ஆட்டத்துக்கு அணியின் மொத்த ஆடுநேரம் 200 நிமிடம்: ஐந்து பேர், 40 நிமிடம். இதில் எத்தனை நிமிடம் திரும்பி வருகிறது என்பதைத்தான் முதலில் எண்ண வேண்டும். ஓர் அணியில் இருவர் போய்விட்டதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் ஆட்டத்துக்கு 18 புள்ளி எடுத்து 28 நிமிடம் ஆடியவர். இன்னொருவர் 5 புள்ளிதான், ஆனால் பந்தை மேலே கொண்டுவந்து 35 நிமிடம் நின்றவர். உங்கள் கட்டுரை முதலாமவருக்காக அணியைக் கீழே இறக்கும். நடப்பது வேறு. அந்த 18 புள்ளிக்கான எறிதல்கள் மற்றவர்கள் கைக்குப் பிரிந்து போகும். அதில் பாதிக்கு மேல் எப்படியும் திரும்ப வந்துவிடும். 35 நிமிடம் பந்தைக் காத்தவரின் இடத்தில் அனுபவமில்லாத ஒருவர் நின்றால், எதிரணி முழு மைதானத்துக்கும் அழுத்தம் கொடுக்கும். அரைக்கோட்டைத் தாண்டும் முன்பே பந்து பறிபோகும், எறியவே வாய்ப்பிருக்காது. ஆகவே அசிஸ்ட்டையும் (கூடை விழ உதவிய பாஸ்) டர்ன்ஓவரையும் (பந்தைப் பறிகொடுத்தல்) பக்கத்தில் வைத்துப் பார்க்காத முன்னோட்டம் ஜனவரியிலேயே பொய்த்துவிடும்.

அட்டவணையை அவர் திறந்தே பார்க்கவில்லை. பதினொரு அணி, ஒருவரோடு ஒருவர் ஒரே முறை, ஆக லீக்கில் பத்தே ஆட்டம். பாதி உள்ளூரில், பாதி வெளியூரில். முதல் எட்டு இடத்துக்குள் வந்தால்தான் லீக்கின் நாக்-அவுட். கால் இறுதி மேல் இடத்தவரின் அரங்கில் நடப்பதால், நான்காம் இடத்துக்கும் ஐந்தாம் இடத்துக்கும் உள்ள தூரம் ஒரு நீண்ட பஸ் பயணம். ஒரே முறைதான் மோதுகிறார்கள் என்பதால், வலுவான மூன்று அணிகளை எங்கே சந்திக்கிறோம் என்பதே ஓர் அணிக்கு இரண்டு வெற்றியைக் கூட்டும் அல்லது குறைக்கும். அந்த விவரம் கட்டுரையில் இல்லை.

ஆட்டங்கள் பெரும்பாலும் வெள்ளி இரவும் மறுநாள் பிற்பகலும் வரும். மேய்ன் மாநிலத்தில் பேட்ஸ், போடன், கோல்பி மூன்றும் இருக்கின்றன. நியூயார்க் மாநிலத்தின் கிளின்டனில் உள்ள ஹாமில்டன், வாட்டர்வில்லில் இருக்கும் கோல்பிக்குப் போக வேண்டுமென்றால் சாலையில் சுமார் 400 மைல். பிப்ரவரியில் பனி கொட்டினால் மணிக்கணக்குக்கு உத்தரவாதமே இல்லை. வெள்ளி இரவு ஆடி, விடுதியில் படுத்து எழுந்து, சனி பிற்பகல் இன்னொரு ஊரில் மறுபடி ஆட வேண்டும். ஏழு பேரை மட்டும் நம்பும் அணி சனிக்கிழமை மூன்றாம் கால்பகுதியில் தெரிந்துவிடும். 22 அடி 1¾ அங்குல மூன்று புள்ளிக் கோட்டிலிருந்து எறியும் பந்துகள் ரிங்கின் முன்விளிம்பிலேயே பட்டுத் திரும்பும். கை சரியாகத்தான் இருக்கிறது. சுமந்து எழுப்ப வேண்டிய கால் ஓய்ந்துவிட்டது. அடுத்து ஃபவுல் விழும். ஒரு கால்பகுதியில் ஐந்தாவது அணி ஃபவுலிலிருந்து எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. அதனால்தான் பெஞ்சில் எட்டாவது, ஒன்பதாவது ஆள் யார் என்று முன்னோட்டத்தில் எழுத வேண்டும்.

இந்தக் கல்லூரிகளுக்கே உரிய இன்னும் இரண்டு செய்திகளை விட்டுவிட்டார். இங்கே சிலர் இலையுதிர் காலத்தில் கால்பந்தோ வாலிபாலோ ஆடிவிட்டுக் கூடைப்பந்துக்கு வருபவர்கள். அந்த அணி தேசியப் போட்டிக்குத் தகுதி பெற்றால் அவர்கள் வந்து சேர நவம்பர் கடைசி ஆகும், டிசம்பர்கூட ஆகலாம். ஓடும் மூச்சு இருக்கும். எறியும் கை தயாராக இருக்காது. இன்னும் சிலர் மூன்றாம் ஆண்டில் ஒரு பருவம் வெளிநாட்டில் படிக்கப் போவார்கள். நடுவில் டிசம்பர் தேர்வு வாரங்களில் ஆட்டமே நின்றுபோகும். நவம்பரில் தடுமாறிய அணி, வளாகம் காலியாக இருக்கும் விடுமுறையில் ஒழுங்காகப் பயிற்சி எடுத்து, ஜனவரியில் வேறு அணியாக லீக் ஆட்டங்களுக்கு வருவது இங்கே வழக்கம். இதெல்லாம் அணியைத் தொடர்ந்து பார்ப்பவர்கள் அனைவரும் அறிந்தது.

‘2019-க்குப் பின் நியூ இங்கிலாந்து ஓய்ந்துவிட்டது’ என்ற வரிக்கும் ஒரு வார்த்தை. (நியூ இங்கிலாந்து என்பது இந்தக் கல்லூரிகளில் பெரும்பாலானவை இருக்கும் வடகிழக்கு மாநிலங்கள்.) 2020-ல் பெருந்தொற்றால் தேசியப் போட்டி பாதியில் நின்றது. 2020-21 குளிர்காலப் பருவத்தையே நெஸ்காக் ரத்து செய்தது. அந்த ஆண்டுப் பெண்களுக்கு ஒரு முழுப் பருவம் போயிற்று. அதன் பிறகு 2024, 2025 இரண்டு ஆண்டும் இறுதிக்கு வந்த ஸ்மித் கல்லூரி, ஆம்ஹர்ஸ்டுக்கு அருகிலுள்ள நார்தாம்ப்டனில்தான் இருக்கிறது. வேறு லீக்தான், ஆனால் அதுவும் நியூ இங்கிலாந்துதான். இரண்டு இறுதியிலும் தோற்றது, அந்த இரண்டு பருவமும் 31-0 என்று முடித்த நியூயார்க் பல்கலைக்கழகத்திடம். தேசியப் போட்டியின் தொடக்கச் சுற்றுகளில் செலவைக் குறைக்கப் பஸ் போகும் தூரத்து அணிகளையே மோதவிடுவார்கள். அதனால் இந்தப் பகுதியின் நல்ல அணிகள் ஒன்றையொன்று வெளியேற்றிவிடுகின்றன. ஓய்ந்துவிட்டது என்று எழுதுமுன் இதையும் எண்ணியிருக்கலாம்.

நீண்ட கடிதம்; பொறுத்தருள வேண்டும். நான் கேட்பது கொஞ்சம்தான். அடுத்த இதழில் ‘மூன்றாம் பிரிவு’ என்று ஒரு வரித் திருத்தம். ‘போடன்’ என்று எழுதுங்கள், கனெக்டிகட் கல்லூரியின் பத்திக்கு அந்தக் கல்லூரியின் படத்தையே போடுங்கள். ஜனவரி இதழில் ஒரு கைக்குட்டை அளவு இடம் கொடுத்தால், பதினொரு அணிகளின் வெள்ளி, சனி ஆட்டங்களை எது உள்ளூர், எது வெளியூர் என்று குறித்துப் போடலாம். இடம் போதாதென்றால் பிப்ரவரி ஆட்டங்களை மட்டுமாவது போடுங்கள். பட்டியலை நானே எழுதி அனுப்பித் தருகிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
மாசசூசெட்ஸ்