கப்பன் பூங்காவில் பார்த்த அந்தப் பெரியவருக்கு

போன ஞாயிறு காலை பெங்களூரு கப்பன் பூங்காவில், மூங்கில் தோப்புக்குப் பக்கத்தில் என் அம்மாவைப் படமெடுக்கத் திணறிக்கொண்டிருந்தபோது வந்து உதவிய பெரியவருக்கு மனமார்ந்த நன்றி. பேர்கூட கேட்காமல் விட்டுவிட்டேன், அது இன்னும் உறுத்துகிறது.

மூங்கிலுக்குள் வருகிற வெளிச்சம் இலையின் பச்சையையும் சுமந்துகொண்டுதான் வரும், அது முகத்தில் விழுந்து அம்மா காய்ச்சலில் படுத்து எழுந்தவர் மாதிரி தெரிந்தார், நானோ கேமராவில் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐயா அம்மாவை நாலடி தள்ளி, மேலே வானம் திறந்திருந்த நிழலில் உட்காரச் சொன்னார். அப்புறம் தன் கையிலிருந்த செய்தித்தாளை விரித்து அம்மாவின் மடியில் வைத்தார். அவ்வளவுதான், தாளில் பட்ட வெளிச்சம் முகத்துக்குத் திரும்பி, கண்ணுக்கடியில் இருந்த கருநிழல் கரைந்துபோனது. "கேமராவைப் பார்க்காதீங்கம்மா, பேப்பரைப் படிங்க" என்றார். 50 எம்எம் லென்ஸ், ஒரே கிளிக்.

சிவப்பு நூலகக் கட்டடத்தை எடுக்கும்போதும், "அதை ஓரமா விடுப்பா, மரத்துக்கு இடம் கொடு" என்று சொல்லிக்கொடுத்தார். 1870இல் உருவான பூங்கா, அங்கே மரங்கள்தான் மூத்தவர்கள்.

அப்பா போனபிறகு அம்மா முகத்தில் இப்படி ஓர் அமைதியை நான் பார்க்கவே இல்லை. ஐயா, உங்களுக்கும் ஒரு பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறேன், ஞாயிறுதோறும் அதே பெஞ்சுக்கு எடுத்து வருவேன்.