அக்சசரீஸ் என்று எழுதினோம், ஓஸ் பைப் வரவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பத்திரிகையில் வரும் விலைமனு அறிவித்தல்களை ஒன்று விடாமல் வாசிக்கிறவன் நான். ‘அக்சசரீஸ் உட்பட’, அதாவது துணைப்பொருட்கள் உட்பட, என்று ஒரு வரியைக் கண்டால் மனம் பதைக்கும். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

சில வருடங்களுக்கு முன்னர் உதவித் திட்டம் ஒன்றில் எங்கள் கமக்காரர் அமைப்புக்கு 2 அங்குல வோட்டர் பம்புகள் வாங்கினோம். கொட்டேசன் கேட்டு ஆங்கிலத்தில் கடிதம் எழுதியவன் நான்தான். ‘வோட்டர் பம்ப் வித் அக்சசரீஸ்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். பெட்டிகள் வந்தன. பிரித்துப் பார்த்தால் பம்போடு இரண்டு கப்ளிங், மூன்று கிளிப், கிணற்றுக்குள் விடும் முனைக்கு ஒரு சல்லடை, பிளக் கழற்றுகிற ஸ்பானர். அவ்வளவுதான். தண்ணீரை உறிஞ்சும் ஓஸ் பைப் இல்லை. கடைக்காரரிடம் போனோம். “ஐயா, நீங்கள் கேட்ட அக்சசரீஸ் எல்லாம் பெட்டிக்குள்ளேயே கிடக்குது. பைப் வேணுமெண்டால் பைப் எண்டு எழுதியிருக்க வேணும்” என்றார். அவர் சொன்னதில் பிழை இல்லை. பம்பு செய்கிற கம்பனிக்கு அக்சசரீஸ் என்றால் பெட்டிக்குள் வருகிற அந்தச் சில்லறைச் சாமான்கள்தான்.

அது கச்சான், அதாவது நிலக்கடலை, பூத்து மண்ணுக்குள் விழுது இறங்குகிற நேரம். மண் காய்ந்து இறுகினால் விழுது உள்ளே போகாது, காயும் பிடிக்காது. பக்கத்துத் தோட்டக்காரத் தம்பி பொறுக்கமாட்டாமல், தண்ணீர் பாய்ச்ச வைத்திருந்த தட்டைப் பைப்பையே உறிஞ்சும் பக்கம் பூட்டிப் பம்பை இழுத்தான். இஞ்சின் இரைந்தது. பைப் உள்ளுக்குச் சப்பி, பாம்பு கழற்றிய சட்டை மாதிரி ஒட்டிக்கொண்டது. ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. உறிஞ்சும் பைப்புக்கு உள்ளே சுருள் வேண்டும், விறைப்பு வேண்டும். புதிய பைப் வாங்கக் கூட்டம் கூடிக் காசு சேர்த்து முடிக்க இரண்டு கிழமை போனது. அந்தப் போகத்தில் அவன் பிடுங்கிய கச்சானைப் பார்க்க எனக்கு முகம் இல்லை.

பிறமொழிச் சொல் என்பதற்காக நான் கோபிக்கவில்லை. கடப்பாரையைச் சொல்கிற அலவாங்கு போர்த்துக்கீசரிடமிருந்து வந்த சொல். அலவாங்கைக் கொண்டுவா என்றால் இங்கே சின்னப் பிள்ளையும் சரியான சாமானைத்தான் தூக்கி வரும். ஸ்பானர், பேரிங், வோசர் எல்லாம் அப்படித்தான், ஒவ்வொன்றும் ஒரு பொருளைத் தொட்டுக் காட்டுகிறது. அக்சசரீஸ் அப்படியில்லை. இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் சாமான் ஓடும் என்பதுதான் ஆங்கிலத்தில் அந்தச் சொல்லின் கருத்து. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வண்டில் கட்டும்போது மாட்டுக் கழுத்தில் போடுகிற சலங்கை அக்சசரி. சில்லுக் கழலாமல் பிடிக்கிற கடையாணி அப்படியல்ல, அது வண்டிலின் பாகம். சுங்கத் தீர்வைப் பட்டியலில்கூட மோட்டார் வாகனங்களுக்கான 8708 என்ற தலைப்பு ‘பாகங்களும் துணைப்பொருட்களும்’ என்று இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. இரண்டும் ஒன்றென்றால் ஒரு சொல் போதுமே. நமது கடைப் பலகைகளிலோ பிஸ்டனும் அக்சசரீஸ், சீற் கவரும் அக்சசரீஸ்.

எது பாகம், எது துணைப்பொருள் என்பது ஆளுக்கு ஆள் மாறுவதும் உண்டு. 1990களில் போர் நேரம் வடக்கில் இருந்த பொருளாதாரத் தடைக் காலத்தை நினைத்துப் பாருங்கள். சைக்கிள் டைனமோ, அதை விற்கிறவனுக்கு ஒரு அக்சசரி. மின்சாரமும் பற்றரியும் இல்லாத எங்களுக்கு அதைச் சுற்றித்தான் றேடியோவில் செய்தி. பின் கரியரும் அப்படியே. விறகு கட்டி வாழ்ந்த குடும்பத்துக்குச் சில்லு எவ்வளவு முக்கியமோ கரியரும் அவ்வளவு முக்கியம். இன்றைக்கும் பாருங்கள், 2020இல் வந்த ஐபோன் 12 பெட்டிக்குள் சார்ஜர் இல்லை. அதுவரை போனோடு வந்த சாமான் அன்றிலிருந்து தனியாக வாங்குகிற அக்சசரி.

போன் விஷயம் போகட்டும். எங்கள் பக்கத்தில் செயற்கைக் காலோடு நடப்பவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. செயற்கைக் காலைப் பூட்டுமுன் மிஞ்சிய காலில் போடுகிற உறை தேய்ந்தால் தோல் உரசிப் புண் வரும். புண் வந்தால் காலைப் பூட்ட முடியாது, வேலைக்குப் போக முடியாது. அந்த உறையை உதவிப் பட்டியலில் அக்சசரீஸ் என்று ஒருவர் எழுதிவிட்டால், காசு குறைகிற நேரம் முதலில் வெட்டுப்படுகிற வரி அதுவாகத்தான் இருக்கும். வெட்டுகிறவரைக் குறை சொல்ல முடியாது. அவர் கையில் இருப்பது அந்தச் சொல் மட்டும்தானே.

அப்புறம், ‘எக்குயிப்மென்ட்ஸ்’. உபகரணங்கள் என்று தமிழில் பன்மை வைத்துப் பழகியதால் ஆங்கிலத்திலும் ஒரு ‘ஸ்’ போட்டுவிடுகிறோம். அந்தச் சொல்லின் வேர் கப்பலைப் பயணத்துக்கு ஆயத்தப்படுத்துவது என்கிறார்கள். பாய், கயிறு, நங்கூரம் எல்லாம் சேர்ந்த மொத்தத்துக்கு ஒரே பெயர். அதனால் பன்மை இல்லை. இந்த ‘ஸ்’ ஆல் யாருக்கும் பயிர் வாடாது, ஆனால் வெளியே போகும் கடிதங்களில் அது இல்லாமல் இருந்தால் நல்லது.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அறிவித்தல்களைத் தமிழாக்கும்போது அக்சசரீஸ் என்ற இடத்தில் துணை உபகரணம் என்று மாற்றிவிட்டு நகராதீர்கள். விளம்பரம் தருகிறவரிடம் என்னென்ன சாமான் என்று ஒரு தரம் கேளுங்கள். ஒரு அங்குல இடம் கூடப் பிடிக்கும், பரவாயில்லை.

எங்கள் அமைப்பு இப்போது இப்படித்தான் எழுதுகிறது: ‘2 அங்குலப் பம்பு 1, சுருள் வைத்த உறிஞ்சு பைப் 20 அடி, தட்டைப் பைப் 100 அடி, சல்லடை 1, கிளிப் 4, பிளக் ஸ்பானர் 1.’

இப்படிக்கு,
கமக்காரர் அமைப்பு ஒன்றின் முன்னாள் செயலாளர்,
முள்ளியவளை.