மூன்று அட்டெம்ப்ட்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். மாமா வீட்டு விஷயம் ஒருவழியாக முடிந்தது, விவரம் அம்மா சொல்வாள். இரண்டு வாரமாக நீ போன் செய்யவில்லை. ஆபீஸில் வேலை நெரித்திருக்கும்.

ரிசல்ட் பற்றி நான் கேட்கவில்லை. சி.ஏ. ஃபைனல் எழுதும் எந்தப் பிள்ளை வந்தாலும் சொல்வதை உனக்கும் சொல்கிறேன், அவ்வளவுதான்.

முதலில் மார்க் ஷீட்டை வைத்துக்கொண்டு கணக்குப் போட வேண்டும். பாஸாக பேப்பருக்கு 40, மூன்று பேப்பர் சேர்ந்த குரூப்புக்கு 150. ஒரு பேப்பரில் 38 என்றால் மொத்தம் 170 இருந்தாலும் குரூப் போச்சு. ஆனால் குரூப்பின் மூன்று பேப்பரையும் எழுதி ஏதாவது ஒன்றில் 60 தொட்டிருந்தால் அதற்கு எக்ஸெம்ப்ஷன், அந்தப் பேப்பரை மறுபடி எழுத வேண்டாம். ஆடிட்டில் 64 என்று வைத்துக்கொள். அந்த 64 அடுத்த முறை மொத்தத்தில் சேரும், மீதி இரண்டிலும் சேர்த்து 86 வேண்டும். தலா 40 போதும் என்று நினைத்து 80-இல் நின்று போகிறவர்கள் நிறைய.

அந்த எக்ஸெம்ப்ஷன் அடுத்து வரும் மூன்று தேர்வுக்குத்தான். எழுதினாலும் எழுதாவிட்டாலும் மூன்றும் கழியும். 'வேலை கொஞ்சம் பழகட்டும்' என்று ஒன்றைத் தள்ளினால் மிச்சம் இரண்டு. பிறகு நிரந்தரமாக வைத்துக்கொள்ள வழி உண்டு, ஆனால் அப்போது மற்றப் பேப்பர்களில் தலா 50 எடுக்க வேண்டும். அதனால் ஃபார்ம் திறந்த அன்றே கட்டிவிடு.

இன்டர் இரண்டு குரூப்பையும் ஒரே மூச்சில் முடித்தவள் நீ. விடைக்கு வந்த வழியைப் படிப்படியாகக் காட்டும் உன் ஒர்க்கிங் நோட்டைப் பார்த்தாலே மனசு குளிரும். அப்படிப்பட்டவளுக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்றுதான் இருக்கிறது. ஸ்டேட்டஸ் போட நேரம் கிடைக்கிறது, ஒரு போனுக்குக் கிடைக்கவில்லை. சரி, விடு.

எதிர்பார்த்ததைவிட மார்க் ரொம்பக் குறைந்த பேப்பர் இருந்தால் விடைத்தாள் நகல் வாங்கு. ரிசல்ட் வந்து ஒரு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும், நாள் ஓடிக்கொண்டிருக்கிறது. மறுமதிப்பீடு நம் சி.ஏ. இன்ஸ்டிட்யூட்டில் கிடையாது. வெரிஃபிகேஷனில் கூட்டல் சரியா, திருத்தாமல் விட்ட விடை இருக்கிறதா என்பதை மட்டும்தான் பார்ப்பார்கள். நகல் எதற்கென்றால், எங்கே மார்க் போயிற்று என்று தெரிய. பெரும்பாலும் தெரியாத கேள்வியில் போயிருக்காது. ஒர்க்கிங் நோட் எழுதாமல் விடையை மட்டும் போட்ட இடத்திலும், நேரம் இல்லாமல் விட்ட கடைசி 14 மார்க்கிலும் போயிருக்கும்.

மூன்று மணி நேரப் பேப்பர் என்றால் 180 நிமிடத்தை முன்கூட்டியே பிரித்து வை. சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் 30 மார்க் எம்.சி.க்யூவுக்கு 50 நிமிடம், ஐந்து கேள்விக்குத் தலா 25, மிச்சம் ஐந்து. நெகட்டிவ் மார்க் இல்லை, எம்.சி.க்யூவில் ஒன்றுகூடக் காலியாக விடாதே. ஒரு கணக்கு 25 நிமிடத்தில் முடியாவிட்டால் இடம் விட்டு நகர்ந்துவிடு. பேலன்ஸ் ஷீட் டேலி ஆகவில்லை என்று அங்கேயே உட்கார்ந்தால் அடுத்த கேள்வி போய்விடும்.

வேலையோடு படிப்பது முடியும். காலையில் இரண்டு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை ஆறு. ராத்திரி ஆபீஸ் முடிந்து வந்து படிப்பதை நம்பாதே, அது கண்ணுக்குத்தான் படிப்பு. பலவீனமான பேப்பர் காலையில். வீடியோவை இரட்டை வேகத்தில் ஓட்டினால் புரிந்த மாதிரி இருக்கும், பேனா எடுத்தால் கை நகராது. புது நோட்ஸ் சேர்க்காதே. இன்ஸ்டிட்யூட் தரும் ஸ்டடி மெட்டீரியல், ஆர்.டி.பி. (ரிவிஷன் டெஸ்ட் பேப்பர்), எம்.டி.பி. (மாக் டெஸ்ட் பேப்பர்) போதும். வாரம் ஒரு பேப்பராவது மூன்று மணி நேரம் கையால் எழுது. டைரக்ட் டாக்ஸில் மட்டும் கவனம்: 2026 ஏப்ரல் 1 முதல் 1961 வருமான வரிச் சட்டம் போய் 2025 சட்டம் நடப்பில். பிரிவு எண்கள் எல்லாம் மாறிவிட்டன, அசெஸ்மென்ட் இயர் போய் வரி ஆண்டு வந்துவிட்டது. உன் தேர்வுக்கு எந்தச் சட்டம் என்பதை இன்ஸ்டிட்யூட் அறிவிப்பில் பார்த்துவிட்டே புத்தகத்தைத் தொடு.

தேர்வுக்கு முன் ஒரு மாத லீவை மேனேஜரிடம் இப்போதே எழுத்தில் கேள். கடைசி நேரத்தில் கேட்டால் குவார்ட்டர் க்ளோசிங் என்பார்கள். கொடுக்க மாட்டார்கள் என்றால் அதுவும் இப்போதே தெரிந்தால் நல்லது. ஆறு மாதம் சம்பளம் வராவிட்டால் இங்கே ஒன்றும் குடி முழுகிவிடாது. அம்மாவும் அதையேதான் சொல்கிறாள். சம்பளம் பழகிய பிறகு வேலையை விடுவது கஷ்டம். 'சி.ஏ. ஃபைனல் பர்சூயிங்' என்று பயோடேட்டாவில் பத்து வருஷமாக நிற்கிறவர்கள் யாரும் படிப்பை விடுவது என்று முடிவெடுத்தவர்கள் இல்லை, ஃபார்மை ஒருமுறை தள்ளியவர்கள்.

நீ தள்ளாதே. சாப்பாட்டையும் தள்ளாதே, போன தடவை வந்தபோது இளைத்திருந்தாய்.

ஃபீஸுக்குப் பணம் உன் கணக்கில் போட்டிருக்கிறேன். கட்டிய ரசீதை எனக்கு அனுப்பு. மார்க் ஷீட்டை என்னிடம் காட்ட வேண்டாம் என்றால் அம்மாவுக்காவது அனுப்பு. நான் கேட்க மாட்டேன்.

அன்புடன்,
அப்பா