எரியாத கட்சிக்காரருக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய பெரியப்பா அவர்களுக்கு,

வணக்கம். எதிரெதிர்க் கட்சியாக நின்று கேள்வியும் பதிலுமாகப் பாடும் லாவணிக் கலைஞரான உங்களைச் சென்ற மாசியில் திண்ணையில் உட்காரவைத்து, கைப்பேசியைத் தூணில் சாய்த்துவிட்டு, "தெரிந்த லாவணியையெல்லாம் பாடிவிடுங்கள், பதிவு செய்து வைத்துக்கொள்ளலாம்" என்று நான் கேட்டது எத்தகைய அறியாமை என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. பத்து நிமிடம் பாடினீர்கள். பிறகு டேப் என்கிற தோல் வாத்தியத்தை மடியில் கவிழ்த்துவிட்டு, "கேள்வி கேக்க ஆளில்லாம பதில் என்னப்பா பதில்?" என்றீர்கள். வயதின் அலுப்பு என்று எண்ணிக்கொண்டேன்.

பதினேழாம் நூற்றாண்டில் ஏகோஜி தஞ்சையில் தொடங்கிய மராட்டிய ஆட்சியின் வழியாக வந்த கலை லாவணி என்று ஒருமுறை நான் படித்துவந்து சொன்னபோது, "மெட்டு அவங்களோடது, வம்பு நம்மளது" என்று சிரித்தீர்கள். வெறும் வம்பா அது? சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து மன்மதனை எரித்தது உண்மை என்று ஒரு கட்சி. ரதியின் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி அவன் இருக்கிறான் என்றால் அவன் எரியவே இல்லை என்று இன்னொரு கட்சி. நீங்கள் எரியாத கட்சி. மாசி வளர்பிறையில் ஆமணக்கையும் கரும்பையும் நட்டுக் காமனை வைத்து, பௌர்ணமி இரவில் கொளுத்துகிற வரை, ஊர் முழுவதும் அந்த ஒரே வழக்கைத்தான் ஆண்டுதோறும் கேட்டுக்கொண்டிருந்தது. தீர்ப்பு வந்ததே இல்லை, வரவும் கூடாது.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது கண்ட ஓர் இரவு மறக்கவில்லை. பகலெல்லாம் களத்தில் நெல் தூற்றிய அதே கையால் வைக்கோலைக் கொளுத்தி, டேப்பின் தோலை அந்தச் சூட்டில் காட்டி, விரலால் சுண்டிச் சுண்டி நாதம் பார்த்தீர்கள். எதிரே துந்தினா வாத்தியத்தின் ஒற்றை நரம்பு ஓயாமல் ஒலிக்க, எரிந்த கட்சிப் பெரியவர் எழுந்து, "எரியவில்லை என்றாயே, ரதி ஏன் அழுதாள், சொல்!" என்று முடித்தார். கூட்டம் உங்கள் பக்கம் திரும்பியது. அவர் பாடிய அடியையே நீங்கள் நிதானமாக இரண்டு முறை திருப்பிப் பாடினீர்கள். அது மரியாதை என்று அன்று நினைத்தேன். யோசிப்பதற்கு நேரம் வாங்கும் தந்திரம் என்று பின்னாளில் நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். மூன்றாம் முறை அடி மாறியது: "அழுதவள் கண்ணுக்கு மட்டும் அவன் தெரிவதேன், நீ சொல்!" அவர் முடித்த சொல்லையே பிடுங்கி, அதே மெட்டில், அவர் மீதே எறிந்துவிட்டீர்கள். விசில் அடங்க வெகு நேரமாயிற்று. கைதட்டியவர்களில் முதல் ஆள் அந்தப் பெரியவர்தான்.

அந்த அடி உங்கள் நோட்டில் இல்லை. தேடிப் பார்த்தேன். நோட்டில் இருப்பவை காப்பும், அவையடக்கமும், குருவிடம் பாடம் கேட்ட புராணக் கதைகளும்தான். நீங்கள் கவிஞராக நின்ற இடங்கள் ஒன்றுகூட ஏட்டில் ஏறவில்லை. ஏறவும் முடியாது, ஏனென்றால் அவற்றில் பாதியை எதிராளி அல்லவா செய்தார்? அவர் காலமான பிறகு நீங்கள் பாடுவதை நிறுத்திவிட்டதை, வாய்ப்பு வரவில்லை என்பதாகவே நாங்கள் பேசிக்கொண்டோம். முப்பது வருடம் மேடையில் ஒருவரையொருவர் மடக்கிய இருவர், விடிந்ததும் ஒரே கடையில் தேநீர் குடித்ததைக் கண்ட பிறகும் எங்களுக்குப் புரியவில்லை.

அந்தப் பதிவை அழித்துவிடவில்லை. ஆனால் யாருக்கும் அனுப்பவும் இல்லை. அதற்குப் பதிலாக, இந்த எட்டு மாதங்களாக எரிந்த கட்சியின் மெட்டுகளைப் பழகிக்கொண்டிருக்கிறேன். குரல் சுமார்தான், எதுகை இன்னும் காலை வாருகிறது, உங்கள் முன்னால் ஒரு நாழிகைகூடத் தாக்குப்பிடிக்க மாட்டேன் என்பதும் தெரியும். ஆயினும் என்னிடம் ஒரு கேள்வி இருக்கிறது, அதை இங்கே எழுதப் போவதில்லை. மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் நாள் மாலை வருகிறேன். வைக்கோல் மட்டும் கொஞ்சம் எடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் தம்பி மகன்