ரத்தம் தந்தவர்களுக்கும் அதைக் கெடாமல் கொண்டுவந்தவர்களுக்கும்

அன்புடையீர், வணக்கம்.

பாபநாசம், வலங்கைமான் பக்கத்து ஊர்களிலிருந்து முடக்குவாத ஆய்வுக்கு ரத்தம் தந்த எல்லோருக்கும் முதல் நன்றி. எடுத்தது 5 மில்லிதான்; ஆனால் நடவு நேரத்தில் அரைநாள் கூலி போனது எங்களுக்குத் தெரியும்.

“இதுல என்னத்தத் தேடுறீங்க?” என்று நடவுப் பெண்கள் கேட்டார்கள். வீங்கிய மூட்டில் குவியும் வெள்ளணுக்கள் ஹைப்போகுளோரஸ் அமிலத்தைக் கக்கும். ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்தாலும் வருவது அதுதான். அது குருத்தெலும்பின் கொலாஜனைத் தாக்கினால் அந்தப் புரதத்தின் உருவம் மாறும். மாறியதை உடம்பு அந்நியம் என்று எண்ணி எதிர்ப்பொருள் தயாரிக்கலாம். அந்தச் சண்டையில் வீக்கம் கூடும், அமிலமும் கூடும். நோய் தொடங்குவதே இப்படித்தானா, தொடங்கிய நோய் இதனால் முற்றுகிறதா என்பது இன்னும் தீராத வழக்கு. (முடக்குவாதத்துக்கு எடுக்கும் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் வரும் ‘ஆன்ட்டி சிசிபி’ என்ற எதிர்ப்பொருள் வேறு சங்கதி. அது ஒரு நொதி புரதத்திலுள்ள ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தை சிட்ருலினாக மாற்றுவதால் வருவது.)

புரதம் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதற்கு அதில் ஏறிய கார்போனைலை (கெட்ட புரதத்தில் உண்டாகும் ரசாயன அடையாளம்) அளக்கிறோம்: அதோடு ஒட்டி நிறம் தரும் டிஎன்பிஎச் என்ற ரசாயனம் சேர்த்து, 370 நானோமீட்டர் ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்த்து. வம்பே இங்கேதான். சிவப்பணு உடைந்தால் ஹீமோகுளோபினும் அதே ஒளியை உறிஞ்சும். அதன் இரும்பு ட்யூபுக்குள்ளேயே புரதத்தைக் கெடுக்கும். உடம்பில் இல்லாத கேடு கணக்கில் ஏறிவிடும்.

அதனால்தான் சிவப்பணு உடையாமல் ரத்தம் எடுத்த செவிலியர்களுக்கு இத்தனை நன்றி. ஸ்பிரிட் காய்ந்த பிறகே குத்தினார்கள், 21 கேஜ் ஊசியில், சிரிஞ்சை வெடுக்கென்று இழுக்காமல். ரத்தம் கட்டாமலிருக்க மருந்து போட்ட ஊதா மூடி ட்யூபைக் குலுக்கவில்லை. எட்டுப் பத்து முறை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்தினார்கள். அப்படியும் சில ட்யூபில் சிவப்பணு உடைந்து பிளாஸ்மா (ரத்தத்தின் நீர்ப்பகுதி) ரோஸ் நிறமாக வந்தது, கொட்டிவிட்டோம். மறுபடி கை நீட்டியவர்களுக்கு ரெட்டை நன்றி.

மீன் ஏற்றும் ஐஸை நொறுக்கித் தந்த ஐஸ் கம்பெனி அண்ணனை மறக்க முடியாது. ஃப்ரீசர் ஜெல் பேக் ட்யூபை ஒட்டினால் ரத்தம் ஐஸாகி அணு வெடிக்கும். உருகும் ஐஸுக்கு நடுவே, செய்தித்தாள் சுற்றி வைத்ததில் அந்தப் பயம் இல்லை. வண்டி ஓட்டிய தம்பி இரண்டு மணி நேரத்துக்குள் சேர்த்தார். 1500 ஜி-யில் (புவியீர்ப்பைப் போல் 1500 மடங்கு விசையில்) 10 நிமிடம் சுழற்றி, மேலே நின்ற வைக்கோல் நிறப் பிளாஸ்மாவை மட்டும், வெள்ளணுப் படலத்தைத் தொடாமல், 200 மைக்ரோலிட்டராகப் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் வைத்தோம். ஒரு குப்பியை ஒரு தடவைதான் உருக்குவோம். உருகி உறைந்தால் அதுவே கேடு. கரன்ட் போனபோது ஜெனரேட்டர் தந்த அரிசி ஆலைக்காரருக்கும் நன்றி.

இந்த ஆய்வை நம்பி யாரும் மாத்திரையை நிறுத்த வேண்டாம். முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் எழுதியிருந்தால் அது வாரத்துக்கு ஒருநாள்தான், தினமும் அல்ல.

நன்றியுடன்,
ஆய்வகக் குழுவினர்